அம்மாவுக்கு மறதி ஆரம்பம்: பவர் போதுமா, உயிலும் வேண்டுமா?

பாளைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 72 வயது. ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை. போன மாதம் நரம்பியல் மருத்துவர் பார்த்துவிட்டு டிமென்ஷியாவின் ஆரம்பக் கட்டம் என்றார். இன்றைய தேதியில் அம்மா தெளிவாகத்தான் இருக்கிறார். மாடி வீட்டு வாடகை யார் எப்போது கொடுத்தார்கள் என்று கேட்டால் சரியாகச் சொல்கிறார். பால் கணக்கை இன்னும் அவர்தான் எழுதுகிறார். சாயங்காலம் ஆனால்தான் தடுமாற்றம். கேட்டதையே திரும்பக் கேட்கிறார், அடுப்பை அணைத்தோமா என்று நாலு தடவை போய்ப் பார்க்கிறார்.

பாளையங்கோட்டையில் ஒரு வீடு. 1987-ல் அப்பா கட்டியது, ஆனால் மனை வாங்கிய பத்திரம், பட்டா, வீட்டு வரி எல்லாம் அம்மா பெயரில். சேரன்மகாதேவி பக்கம் அம்மாவுக்கு அவருடைய அப்பா கொடுத்த ஒன்றரை ஏக்கர் நஞ்சை இருக்கிறது, குத்தகைக்கு விட்டிருக்கிறோம். வங்கியில் வைப்புத்தொகை, ஒரு லாக்கர். பென்ஷன் வருகிறது. அப்பா இல்லை.

பிள்ளைகள் மூன்று பேர். அண்ணன் சிங்கப்பூரில். நான் அதே ஊரில், இரண்டு தெரு தள்ளி. தம்பி சில வருடங்களுக்கு முன் விபத்தில் போய்விட்டான். தம்பி மனைவியும் அவர்களுடைய 14 வயது மகளும் அம்மாவோடு இருக்கிறார்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்வது உண்மையில் தம்பி மனைவிதான். மாத்திரை எடுத்துக் கொடுப்பது, டாக்டரிடம் கூட்டிப் போவது, ராத்திரி எழுந்தால் கூடவே எழுவது எல்லாம் அவள்.

அண்ணன் சொல்கிறார்: "உன் பெயருக்கு ஒரு ஜெனரல் பவர், அதாவது அம்மாவுக்குப் பதில் நீ செயல்படும் அதிகாரப் பத்திரம், எழுதி வாங்கிவிடு. அம்மா எந்த நிலைமைக்குப் போனாலும் நீ பார்த்துக்கொள்ளலாம். பிற்பாடு நாம் பிரித்துக்கொள்வோம்." தெரிந்த புரோக்கர் ஒருவர், உயிலெல்லாம் பிரச்சினை, இப்போதே சொத்தைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றிச் செட்டில்மெண்ட் எழுதி முடித்துவிடுங்கள் என்கிறார். அம்மா என்னிடம் தனியாகச் சொன்னது ஒன்றே ஒன்று: "அவளுக்கும் ஏதாவது வைக்கணும்டி." தம்பி மனைவியைத்தான் சொல்கிறார்.

பவர் மட்டும் போதுமா? டிமென்ஷியா என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகு அம்மா உயில் எழுதினால் செல்லுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு பத்திர எழுத்தர்:

தங்கச்சி, திருநெல்வேலி மாவட்டத்தில் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலிலேயே என் காலம் போயிற்று. பவர், உயில், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் என்று எல்லாம் எழுதியிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. கடைசி வாசகத்தை ஒரு சிவில் வக்கீலிடம் காட்டிக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் உங்கள் அண்ணன் சொன்னதைத்தான் நிறையக் குடும்பங்கள் நம்பிக்கொண்டிருக்கின்றன.

பவர் என்பது அம்மாவின் மூளை வேலை செய்யும்வரைதான். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 201-ஐப் பாருங்கள். அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலும் முடிந்தது, சித்தசுவாதீனம் இழந்தாலும் முடிந்தது. வெளிநாடுகள் சிலவற்றில், எழுதிக் கொடுத்தவர் நினைவிழந்த பிறகும் தொடரும் வகைப் பவர் உண்டு. நம் சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. "எந்த நிலைமைக்குப் போனாலும்" என்று அண்ணன் சொல்கிறாரே, அந்த நிலைமை வரும்போதுதான் இந்தப் பவர் கையை விட்டுப் போகும். அதுவும் இன்ன தேதியோடு முடிந்தது என்று யாரும் வந்து அறிவிக்க மாட்டார்கள். நீங்கள் அதை வைத்துக் குத்தகை எழுதுவீர்கள், ஏதாவது விற்பீர்கள். பிறகு ஒருநாள் பங்காளி ஒருவர் மருத்துவச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்து, இந்தத் தேதியில் அம்மாவுக்குச் சுயபுத்தி இல்லை, அதனால் பத்திரம் செல்லாது என்று வழக்குப் போடுவார்.

பவர் வாங்கிய ஏஜென்ட் விற்கும்போது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று மருத்துவரிடம் உயிர்வாழ் சான்று வாங்கி வரச் சொல்வார்கள், அதுதான் போதுமே என்று சிலர் நினைக்கிறார்கள். அது மூச்சு இருப்பதற்கான சான்று. புத்தி தெளிவாக இருப்பதற்கு அது சாட்சி சொல்லாது.

அதற்காகப் பவரே வேண்டாம் என்று சொல்லவில்லை. வரும் ஒன்றிரண்டு வருடங்களுக்கு அது உதவும். வாடகை ஒப்பந்தம், குத்தகை, மின் இணைப்பு, பட்டா வேலை, வீட்டு வரி, இதற்கெல்லாம் அம்மாவை ஆபீஸ் ஆபீஸாக அலைக்கழிக்க வேண்டாம். விற்கும் அதிகாரம் இல்லாமல், நிர்வாகம் மட்டும் என்று எழுதுங்கள். சொத்து சம்பந்தப்பட்ட பொது அதிகாரப் பத்திரத்தைத் தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து பதிவு செய்தே ஆக வேண்டும். இருபது ரூபாய்த் தாளில் நோட்டரி முத்திரை வாங்கி வைத்துக்கொள்வதெல்லாம் இதற்கு ஆகாது. உங்களுக்குத்தான் கொடுக்க வேண்டும், சிங்கப்பூரில் இருப்பவருக்குக் கொடுத்துப் பயனில்லை.

இனி உயிலுக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் உயில் ஏன் கட்டாயம் என்று முதலில் சொல்ல வேண்டும். அம்மா உயில் எழுதாமல் போனால், இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 15 வேலை செய்யும். பெண்ணின் சொத்து அவருடைய மகன், மகள், கணவருக்கு. இறந்துபோன மகனின் பிள்ளைகளுக்கும் அவர்கள் அப்பாவின் பங்கு வரும். ஆக அண்ணனுக்கு ஒரு பங்கு, உங்களுக்கு ஒரு பங்கு, பேத்திக்கு ஒரு பங்கு. இறந்த மகனின் மனைவிக்கு? ஒன்றும் இல்லை. இதே சொத்து அப்பா பெயரில் இருந்து, அப்பா கடைசியாக இறந்திருந்தால், பிரிவு 8-ன்படி அவளும் முதல் வகுப்பு வாரிசாக வந்திருப்பாள். பெண்ணின் சொத்து என்பதால் அவளுக்கு இடமில்லை. ராத்திரி கண் விழிக்கிற பிள்ளைக்கு இந்தச் சட்டத்தில் ஒரு செங்கல்கூட வராது. அம்மாவுக்குச் சட்டம் தெரிந்து சொன்னாரோ, மனசு சொல்லிச் சொன்னாரோ, அவர் சொன்னது சரி. அவர் நினைத்தது நடக்க உயில்தான் சரியான வழி.

டிமென்ஷியா என்று எழுதிக் கொடுத்ததனாலேயே உயில் எழுதும் தகுதி போய்விடாது. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவு 59 இதைத் தெளிவாகச் சொல்கிறது. மனநிலை சரியில்லாதவர்கூட, தெளிவாக இருக்கும் இடைவெளியில் உயில் எழுதலாம். எழுதும் நேரத்தில், தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். என்னென்ன சொத்து இருக்கிறது, யார் யார் பிள்ளைகள், யாருக்கு எதை, ஏன் கொடுக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்தால் போதும். பால் கணக்கு எழுதுகிறவருக்கு இது தெரியும். ஆனால் இன்னும் ஒரு வருடம் கழித்துத் தெரியும் என்று என்னால் சொல்ல முடியாது. தீபாவளி கழியட்டும், அண்ணன் லீவில் வரட்டும் என்று தள்ளாதீர்கள்.

விருதுநகர் மகன்:

ஐயா சொன்னதை அனுபவத்தில் உறுதி செய்கிறேன். எங்கள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நினைவு திரும்பவில்லை. என்னிடம் பதிவு செய்த பவர் இருந்தது. வைப்புத்தொகையை எடுக்க அதோடு வங்கிக்குப் போனேன். அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார்கள், உண்மையைச் சொன்னேன், பவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்புச் சொல்ல முடியாது, சட்டம் அப்படி.

பழைய மனநலச் சட்டம் 1987-ல், சொத்தைப் பார்த்துக்கொள்ள மாவட்ட நீதிமன்றத்தில் ஒருவரை நியமிக்க வழி இருந்தது. 2017-ல் வந்த புதிய மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் அந்தப் பகுதியே இல்லை. அதனால் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், அரசியல் சட்டம் 226-ன் கீழ் ரிட் மனு. நாங்கள் மதுரைக் கிளைக்குப் போனோம். மருத்துவச் சான்றுகள், அம்மா, அக்கா எல்லோருடைய சம்மதப் பிரமாணப் பத்திரங்கள், சொத்துப் பட்டியல், என்ன செலவுக்கு எவ்வளவு பணம் தேவை என்ற கணக்கு எல்லாம் கேட்டார்கள். பாதுகாவலர் உத்தரவு கிடைத்தது, கூடவே செலவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. 2024-ல் கோமாவில் இருந்த ஒருவரின் மனைவியைப் பாதுகாவலராக்கி, சொத்தை விற்கவும் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதித்த செய்தியைப் படித்திருப்பீர்கள், அதே வழிதான்.

உத்தரவு வரும்வரை ஆஸ்பத்திரிக் கட்டணம் முழுக்க அக்கா நகை அடகு வைத்த பணம். அப்பாவின் பணம் வங்கியில் இருக்கும்போதே இது நடந்தது. உங்கள் அம்மா இப்போது கையெழுத்துப் போடக்கூடிய நிலையில் இருக்கிறார். தயவுசெய்து வங்கி ஏற்பாட்டை முதலில் முடியுங்கள்.

பாளைக்காரி:

ஐயா, பிரிவு 15 பற்றிப் படித்துவிட்டு எனக்குப் பேச்சே வரவில்லை. தம்பி மனைவிக்குத் தானாக அவன் பங்கு வந்துவிடும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

செட்டில்மெண்ட் பற்றியும் சொல்லுங்கள். அப்புறம், உயில் எழுதும்போது பிற்பாடு யாரும் குறை சொல்லாதபடி எப்படிச் செய்வது? பெரியப்பா மகன் ஒருவர் இருக்கிறார், இந்த வீடு "எங்கள் சித்தப்பா பணத்தில் வந்தது" என்று கல்யாண வீட்டிலேயே பேசியவர்.

விருதுநகர் அண்ணாச்சி, உங்கள் அக்காவுக்கு என் வணக்கம்.

ஓய்வு பத்திர எழுத்தர்:

செட்டில்மெண்ட் அன்றைக்கே சொத்தைக் கை மாற்றிவிடும். வீட்டை உங்கள் மூவருக்கும் எழுதிக் கொடுத்த மறுநாளிலிருந்து அம்மா தன் சொந்த வீட்டில் பிள்ளைகளின் தயவில் இருப்பார். அவருக்கு வரப்போவது பல வருடப் பராமரிப்புச் செலவு இருக்கும் நோய். வேண்டுமென்றால் வீட்டை அடமானம் வைக்க, நஞ்சையை விற்க அவருக்கு வழி இருக்க வேண்டும். எழுதிக் கொடுத்த செட்டில்மெண்டை மனம் மாறித் தானே ரத்து செய்யவும் முடியாது.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் நலச் சட்டம் 2007, பிரிவு 23 இருக்கிறதே என்பார்கள். பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கிவிட்டுப் பார்த்துக்கொள்ளாவிட்டால், வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கச் சொல்லலாம். அந்த நிபந்தனை பத்திரத்தில் இருந்தாக வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, பிறகு 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில் மூத்தவர்களுக்கு ஆதரவாகத் தாராளமாகப் பொருள் கொண்டது. நல்லதுதான். ஆனால் நினைவு போன ஒரு தாயார் எந்த ஆபீஸுக்குப் போய் மனுக் கொடுப்பார்? அந்த நிலையில் இருப்பவருக்குச் செட்டில்மெண்ட் எழுதச் சொல்லும் புரோக்கரை நான் வாசலோடு அனுப்பியிருப்பேன். செலவும் அதிகம். 2023 ஜூலையில் உயர்த்திய பிறகு, குடும்பத்துக்குள் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை உச்சவரம்பு 40,000, பதிவுக் கட்டண உச்சவரம்பு 10,000. உயிலுக்கு முத்திரைத் தீர்வையே கிடையாது. அம்மா உயிரோடு இருக்கும்வரை எல்லாம் அவருடையது, தெளிவாக இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

குறை சொல்ல முடியாதபடி எழுதுவது எப்படி என்று கேட்டீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உயில் வழக்குகள் தோற்பது பெரும்பாலும் சட்டத்தில் அல்ல, எழுதிய அன்று நடந்த விதத்தில்.

மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, உயில் எழுதும் அன்று காலையோ முந்தின நாளோ பார்த்து, உயில் எழுதும் அளவுக்குத் தெளிவாக இருக்கிறார் என்று தேதியோடு எழுதி வாங்குங்கள். அம்மாவுக்குச் சாயங்காலம்தான் தடுமாற்றம் என்றீர்களே, பதிவுக்கும் காலை டோக்கனே போடுங்கள். முடிந்தால் அந்த மருத்துவரையே ஒரு சாட்சியாகக் கேளுங்கள். சாட்சிகள் இரண்டு பேர் கட்டாயம், இருவரும் அம்மா கையெழுத்துப் போடுவதைப் பார்த்து, அம்மா முன்னிலையில் தாங்களும் போட வேண்டும். நாளைக்குக் கோர்ட்டில் உயிலை நிரூபிக்க ஒரு சாட்சியாவது கூண்டில் ஏற வேண்டும். அதனால் அம்மாவின் வயதை ஒத்த தோழி டீச்சர் வேண்டாம். அம்மாவை விட இளையவர், உள்ளூர்க்காரர், நாலு பேருக்குத் தெரிந்தவர் வேண்டும். உயிலில் பங்கு வாங்குகிறவர் யாரும், அவர்கள் கணவன் மனைவி யாரும் சாட்சி போடக் கூடாது.

இன்னொன்று, இது உங்களுக்கு வருத்தமாக இருந்தாலும் சொல்ல வேண்டும். வாசகம் எழுதும்போது நீங்களும் தம்பி மனைவியும் அந்த அறையில் இருக்காதீர்கள். அம்மா எழுத்தரிடமோ வக்கீலிடமோ தன் வாயால் சொல்லட்டும். பயன் பெறுகிறவரே முன்னின்று எழுத வைத்தால் அதைச் சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலையாக எடுத்துக்கொள்ளலாம் என்று 1958-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, இன்றும் எல்லா உயில் வழக்கிலும் அந்தத் தீர்ப்பைத்தான் காட்டுகிறார்கள். ஆபீஸ் வரை அழைத்துப் போங்கள், வெளியே வேப்பமரத்தடியில் உட்காருங்கள்.

உயில் பதிவு கட்டாயம் இல்லை, வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும். ஆனாலும் உங்கள் வீட்டுக்குப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பேன். சார்பதிவாளர் அம்மாவிடம் நேரில் கேள்வி கேட்பார், போட்டோவும் கைரேகையும் பதிவாகும். அது பின்னால் பெரிய பலம். நடக்க முடியாத நிலை என்றால் கூடுதல் கட்டணம் கட்டி வீட்டுக்கே வரவைத்துப் பதிவு செய்யவும் முடியும்.

பெரியப்பா மகன் விஷயம்: வீடு எந்த ஆண்டு, எந்த எண் பத்திரப்படி தன் பெயரில் வந்தது, நஞ்சை எப்படி வந்தது என்று உயிலிலேயே ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுங்கள். சர்வே எண், நாலு எல்லை, கதவு எண் பிசகாமல் இருக்கட்டும். மனைவி பெயரில் கணவர் தன் பணத்தில் வாங்கியது பினாமிச் சட்டத்தில் விலக்கு பெற்றது. பெண்ணின் பெயரில் உள்ள சொத்துக்கு அவளே முழு உரிமையாளர், இந்து வாரிசுரிமைச் சட்டம் 14-ம் பிரிவு. கடைசியில் "இதில் விட்டுப்போன, இனி எனக்கு வரக்கூடிய எல்லாச் சொத்தும்" யாருக்கு என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரி இல்லாத உயில்கள் எத்தனை வீட்டை இழுத்தடித்திருக்கின்றன என்று எனக்குத் தெரியும்.

கவுண்டருக்குப் பின்னால்:

வங்கியில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். விருதுநகர் நண்பர் சொன்னதால் இந்தப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

சகோதரி, பென்ஷன் கணக்கை அப்படியே விடுங்கள். தனியாக ஒரு கூட்டுக் கணக்கு தொடங்கி, அம்மாவும் நீங்களும், "இருவரில் ஒருவர் அல்லது பிழைத்திருப்பவர்" என்ற முறையில் வையுங்கள். பென்ஷனிலிருந்து மாதாமாதம் ஒரு தொகை அதற்குத் தானாகப் போக அம்மா இப்போதே ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் எழுதிக் கொடுக்கட்டும். வைப்புத்தொகையையும் அதே முறையில் மாற்றலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முதிர்வுக்கு முன்னால் உடைக்க இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். அதனால் ஐந்து வருடத்துக்கு ஒரே பெரிய ரசீதாகப் போடாமல், சிறு சிறு ரசீதுகளாக, ஒன்றன்பின் ஒன்றாக முதிரும்படி போடுங்கள். மருத்துவச் செலவுக்கு எப்போதும் ஏதாவது ஒன்று முதிர்ந்து கொண்டிருக்கும்.

கை நடுங்கிக் கையெழுத்து மாறினால் பயப்பட வேண்டாம். உடல் முடியாதவர்களுக்குக் கைரேகை வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி வழி வைத்திருக்கிறது. இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரி. நேரில் வர முடியாதவர்களுக்கும் இது உண்டு. ஆனால் இதற்கும் அவர் புரிந்து சம்மதிக்க வேண்டும்.

2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்கில் நான்கு பேர் வரை நியமனதாரர் (நாமினி) போடலாம், ஒவ்வொருவருக்கும் இத்தனை சதவீதம் என்று பிரித்தும் போடலாம். லாக்கருக்கு ஒருவருக்குப் பின் ஒருவர் என்ற வரிசைதான். நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டும், உரிமையாளர் அல்ல. உச்ச நீதிமன்றம் 1983-ல் காப்பீட்டுக்கும் 2023-ல் பங்குகளுக்கும் இதையே சொன்னது. அதனால் உயிலில் ஒரு பெயர், நாமினியில் வேறு பெயர் என்று விடாதீர்கள். இரண்டும் ஒத்துப் போனால் கவுண்டரிலேயே வேலை முடியும்.

தென்காசி செவிலி:

சொத்தைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அம்மாவின் உடம்பைப் பற்றியும் அம்மாவிடம் கேளுங்கள் அக்கா. பவர் பத்திரம் வைத்துக்கொண்டு சிகிச்சைக்குச் சம்மதம் சொல்ல முடியாது.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன்படி, தனக்காகப் பேச ஒருவரை அம்மா வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நியமிக்கலாம். நினைவாற்றல் பாதிப்பும் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது. கடைசிக் கட்டத்தில் வென்டிலேட்டர், மூக்குக் குழாய் வேண்டுமா வேண்டாமா என்பதற்கு முன்கூட்டிய மருத்துவ விருப்பப் பத்திரம் தனி. 2018-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அப்போது மாஜிஸ்திரேட் மேலொப்பம் வேண்டியிருந்தது, யாருமே செய்யவில்லை. 2023 ஜனவரியில் சுலபமாக்கினார்கள். இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டெட் அதிகாரி போதும்.

நான் பார்த்துக்கொண்ட ஒரு பாட்டி வீட்டில், ஐசியு வாசலில் பிள்ளைகள் நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னார்கள். பாட்டிக்கு என்ன வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியாது. நல்ல நாளில் ஒரு சாயா போட்டுக் கொடுத்து, பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடுங்கள்.

பாளைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. அண்ணனுக்கு இந்த இழையை அப்படியே அனுப்பினேன். படித்துவிட்டு ராத்திரியே கூப்பிட்டார். உயிலுக்கு அவருக்கு ஆட்சேபம் இல்லை, அம்மா விருப்பம்தான் என்றார்.

காலையில் அம்மாவிடம் உட்கார்ந்து பேசினோம். எதை யாருக்கு என்று நான் கேட்கவில்லை, எழுதுகிறவரிடம் சொல்லும்மா என்றேன். ஆனாலும் அவரே சொல்லிவிட்டார்: வீட்டில் கீழ்ப்பகுதி மருமகளுக்கு, மாடி பேத்திக்கு, நஞ்சை எனக்கும் அண்ணனுக்கும். தம்பி மனைவி கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இரண்டு சந்தேகம். சித்தி ஒருவர், மருமகளுக்குக் கொடுத்தால் "ஆயுள் வரை அனுபவிக்கலாம், மறுமணம் செய்தால் உரிமை கிடையாது" என்று போடச் சொல்கிறார். அப்படிப் போடலாமா? அப்புறம், பேத்தி மைனர், அவளுக்கு எழுதினால் சிக்கல் வருமா?

ஓய்வு பத்திர எழுத்தர்:

போடலாமா என்றால் எழுதிவிடலாம். போடக் கூடாது என்பது என் கருத்து, அழுத்தமாகச் சொல்கிறேன். அந்தப் பெண் முப்பது சொச்சம் வயதில் புருஷனை இழந்து, மாமியாரை விட்டுப் போகாமல் இருக்கிறாள். அவளுக்குக் கொடுப்பதில் ஒரு கயிறு கட்டிக் கொடுக்க வேண்டுமா? அதிலும் பத்திர எழுத்தராக ஒரு காரணம் இருக்கிறது. "ஆயுள் வரை அனுபவித்து" என்று எழுதிய உயில்கள்தான் 14-ம் பிரிவின் முதல் உட்பிரிவா இரண்டாம் உட்பிரிவா என்று தலைமுறை தாண்டி வழக்காகின்றன. பராமரிப்பு உரிமைக்குப் பதிலாகக் கொடுத்ததா, புதிதாகக் கொடுத்த குறுகிய உரிமையா என்று வாதம் நடக்கும். அம்மாவின் விருப்பம் முழுதாகக் கொடுப்பது என்றால், "தன் இஷ்டப்படி சர்வ சுதந்திரமாக ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள். முடிவு அம்மாவுடையது, சித்தியுடையதும் இல்லை என்னுடையதும் இல்லை.

மருமகளுக்கு ஏன் கொடுக்கிறேன் என்ற காரணத்தை அம்மா தன் வார்த்தையில் சொல்லட்டும், அதை அப்படியே எழுதுங்கள். வழக்கமான வாரிசு வரிசைக்கு வெளியே ஒருவருக்குக் கொடுக்கும்போது கோர்ட் முதலில் தேடுவது அந்தக் காரணத்தைத்தான். மகன் உயிரோடு இல்லை, என்னோடு இருந்து பார்த்துக்கொள்கிறாள் என்ற இரண்டு வரி போதும்.

பேத்திக்கு எழுதலாம். மைனராக இருக்கும்போதே அம்மா காலமானால், பேத்தியின் தாய்தான் இயற்கைப் பாதுகாவலர். மாடியிலிருந்து வரும் வாடகையை அவள் வாங்கிப் படிப்புக்குச் செலவு செய்யலாம். விற்கவோ அடமானம் வைக்கவோ கோர்ட் அனுமதி வேண்டும், அது குழந்தைக்கு நல்லதே. அவசரத்துக்குப் பணம் வேண்டுமே என்று அம்மா நினைத்தால் வைப்புத்தொகையில் ஒரு பகுதியை மருமகள் பெயருக்கே உயிலில் வைத்து, நாமினியையும் அப்படியே போடட்டும். கீழ்ப்பகுதி, மாடி என்று பிரிக்கும்போது மாடிப்படி, கிணறு அல்லது போர், மொட்டை மாடி, மனையின் பிரிக்கப்படாத பங்கு, இவை யாருக்கு, எப்படிப் பொது என்று எழுதாமல் விடாதீர்கள். மாடிப்படிக்காகப் பேசாமல் போன அண்ணன் தம்பிகளை நான் பார்த்திருக்கிறேன்.

உயில் நிறைவேற்றுநர் என்று ஒருவரைப் போடுங்கள். நீங்களே இருக்கலாம்.

அண்ணனுக்கு ஒரு வார்த்தை. காலம் வரும்போது அவரால் நேரில் வர முடியாவிட்டால், அங்கே இந்தியத் தூதரகத்தில் மேலொப்பம் வாங்கி உங்களுக்கு ஒரு பவர் அனுப்பலாம். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் ஆபீஸில் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும்.

பாளைக்காரி:

ஐயா, கடைசியாக ஒன்று. பதிவு செய்த உயில் வில்லங்கச் சான்றில் தெரியுமா? பெரியப்பா மகன் ஈ.சி. போட்டுப் பார்த்துவிட்டு அம்மாவிடம் வந்து சண்டை போடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

ஓய்வு பத்திர எழுத்தர்:

தெரியாது தங்கச்சி. விற்பனை, அடமானம், செட்டில்மெண்ட் எல்லாம் 1-ம் புத்தகத்தில் ஏறும், வில்லங்கம் அதிலிருந்து வருவது. உயில் 3-ம் புத்தகம். அம்மா இருக்கும்வரை அதன் நகலை அம்மாவோ அவர் எழுதிக் கொடுத்த ஏஜென்டோ தவிர வேறு யார் கேட்டாலும் தர மாட்டார்கள். பிற்பாடு இறப்புச் சான்றைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம், அதனால் அசல் தொலைந்தாலும் முழுக்க நஷ்டம் இல்லை. அசலை மட்டும் அம்மா பெயரில் மட்டுமே இருக்கும் லாக்கரில் வைக்காதீர்கள், அதைத் திறக்கவே தனி வேலை ஆகிவிடும். ஒரு உறையில் போட்டு ஒட்டி, உங்களிடமோ வக்கீலிடமோ இருக்கட்டும். பதிவு எண்ணும் ஆண்டும் ஆபீஸ் பெயரும் அண்ணனுக்கும் தம்பி மனைவிக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நாளைக் காலை மருத்துவரிடம் தேதி கேளுங்கள், அதை வைத்து டோக்கன் போடலாம்.